மைனஸ் 28-ல் ஆன்சைட்: மினியாபொலிஸ் குறிப்புகள்

ஜனவரி 14, 2019, திங்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் மினியாபொலிஸ் டவுன்டவுனில் ஜனவரி மாதம் நடைபாதையில் ஆளைப் பார்ப்பது அபூர்வம். புதிதாக வருகிறவர்கள் இன்றைக்கு ஏதாவது பந்த்தா என்றுதான் நினைப்பார்கள். அண்ணாந்து பார்த்தால் விஷயம் விளங்கும். ஊர் மொத்தமும் முதல் மாடியில் நடந்துகொண்டிருக்கிறது.

ஸ்கைவே என்று பெயர். ஒரு கட்டடத்தின் முதல் மாடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் முதல் மாடிக்கு, தெருவுக்கு மேலாகப் போகும் கண்ணாடிப் பாலம். 1962-ல் முதல் பாலத்தைப் போட்டார்கள். இன்றைக்கு 80 பிளாக் அளவுக்குக் கட்டடங்களைக் கோத்துக்கொண்டு 9 மைலுக்கு மேல் நீள்கிறது. ஆன்சைட்டாக, அதாவது கிளையண்ட் ஆபீஸிலேயே உட்கார்ந்து வேலை பார்க்க வந்திருக்கும் நான் குடியிருப்பது லோரிங் பார்க் பக்கம். வீட்டிலிருந்து ஸ்கைவேயின் முதல் கதவு வரைக்கும்தான் ஜாக்கெட், குல்லா, கையுறை, மஃப்ளர் எல்லாம். உள்ளே நுழைந்ததும் அத்தனையையும் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வெறும் சட்டையோடு ஆபீஸ் வரை நடக்கலாம்.

உள்ளே ஒரு தனி ஊரே இருக்கிறது. முடிதிருத்தகம், பல் டாக்டர், ஷூ பாலிஷ் போடுகிறவர், பேங்க், பார்சல் ஆபீஸ், வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். இந்தக் கடைகள் ஆபீஸ்காரர்களை நம்பியே நடப்பதால் 11 மணிக்குச் சூடு பிடித்து 2 மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுகின்றன. மீட்டிங் இழுத்து இரண்டரைக்கு இறங்கினால் சிப்ஸ் பாக்கெட்தான் மதியச் சாப்பாடு.

வழி கண்டுபிடிப்பது தனி வித்தை. பாலத்தில் நடக்கும்போது தெருவின் பெயர் தெரியாது, திசை தெரியாது. வழி கேட்டால் "அந்த பேங்க் தாண்டி, நீரூற்று இருக்கிற லாபி வரும், அங்கே இடதுபக்கம்" என்கிற மாதிரிதான் பதில் வரும். இன்னொரு சிக்கல், கட்டடங்கள் எல்லாம் தனியாருடையவை. ஒவ்வொருவரும் தங்கள் இஷ்டத்துக்குக் கதவை மூடுவார்கள். ஒன்று மாலை ஆறரைக்கு, இன்னொன்று பத்து மணிக்கு, ஞாயிறென்றால் சில கட்டடங்கள் திறப்பதே இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஆபீஸிலிருந்து கிளம்பினால் பாதி வழியில் ஏதோ ஒரு கதவு பூட்டியிருக்கும். அப்புறம் மாடிப்படி இறங்கி, கையில் இருந்ததை எல்லாம் மறுபடி மாட்டிக்கொண்டு, தெருவில் நடக்க வேண்டியதுதான்.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். வேலை நாள். காலை 6 மணிக்குக் கரண்ட் அடுப்பில் பால் பொங்கியது. ரூம்மேட் திருநெல்வேலிக்காரர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். "சூரியனுக்குப் படைக்கணும்லா, எங்க தம்பி சூரியன்?" என்றார். இங்கே ஜனவரியில் சூரியன் எழுந்து வர ஏழே முக்கால் ஆகிறது. அதற்குள் சர்க்கரைப் பொங்கலை டப்பாவில் அடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

ஜனவரி 19, சனி

கோயில் மேப்பிள் குரோவில் இருக்கிறது. ஊருக்கு வடமேற்கே, காரில் அரை மணி. இருபுறமும் வெள்ளையாகக் கிடக்கும் வயல்கள், நடுவில் கோபுரம். உள்ளே பெரிய மண்டபத்தைச் சுற்றி, இந்தியாவின் பல பக்கத்துக் கோயில்களை மாதிரியாக வைத்து 21 சிறு சன்னதிகள் கட்டியிருக்கிறார்கள். வடக்கத்திக்காரர்கள் ஒரு மூலையில், நம்மவர்கள் ஒரு மூலையில், சண்டை சச்சரவு இல்லாமல் அவரவர் சாமியைக் கும்பிட வசதி.

செருப்பு விடும் இடத்தில்தான் ஊரின் குளிர் தெரிகிறது. முழங்கால் வரைக்கும் வரும் பூட்ஸ்கள், அடியில் சாலை உப்பின் வெள்ளைத் திட்டு. கழற்றிய பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் ஓடுகிறது. ரெண்டு எட்டு வைப்பதற்குள் சாக்ஸ் நனைந்துவிடுகிறது. நனைந்த சாக்ஸோடு பிரதட்சிணம்.

2006-ல் குடமுழுக்குக்கு ஓரிரு மாதம் முன்னால், கட்டி முடியாத இந்தக் கோயிலுக்குள் உள்ளூர் இளைஞர்கள் இரண்டு பேர் புகுந்து சிலைகளை உடைத்திருக்கிறார்கள். பிடிபட்டார்கள். கோயில்காரர்கள் நீதிமன்றத்தில் கடும் தண்டனை கேட்கவில்லை. இரக்கம் காட்டும்படிதான் கேட்டார்கள். பிரசாத வரிசையில் நின்றபோது ஒரு பெரியவர் சொல்லி இது எனக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டு, "புளியோதரை இன்னிக்குக் கொஞ்சம் காரம், பார்த்துச் சாப்பிடுங்க" என்றார்.

தமிழ்ச் சங்கம் இங்கே சுறுசுறுப்பானது. பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். பொங்கல் விழா மட்டும் எந்த சனிக்கிழமை பள்ளிக்கூட ஆடிட்டோரியம் கிடைக்கிறதோ அன்றைக்குத்தான். தை பிறந்தால் வழி பிறக்கும், ஹால் பிறக்க இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று அண்ணாச்சி சொல்கிறார்.

ஜனவரி 23, புதன்

அண்ணாச்சியின் கார் ஒர்க்‌ஷாப்பில். டாக்சியில் மளிகைக்குப் போனேன். ஓட்டியவர் சோமாலியாக்காரர். அமெரிக்காவில் சோமாலியர்கள் அதிகம் குடியேறிய ஊர் இதுதான். உள்நாட்டுப் போரில் தப்பி வந்த மக்கள், வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள், இருக்கிற ஊர்களிலேயே குளிர் கூடிய ஊரில் வந்து தங்கியது எப்படி என்று எனக்கு ஆச்சரியம். கேட்டேன். "வேலை இருந்தது. கோழி, வான்கோழி வெட்டுகிற ஃபேக்டரியில் இங்கிலீஷ் கேட்கமாட்டார்கள். முதலில் ஒருவர் வந்தார், பிறகு அவருடைய மச்சான் வந்தார்" என்றார். நம்மவர்கள் பினாங்குக்கும் கொழும்புக்கும் போன கணக்கும் ஏறத்தாழ இதேதான்.

இந்த மாதம் 3-ஆம் தேதி இந்தத் தொகுதியிலிருந்து இல்ஹான் ஓமர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராகப் பதவியேற்றிருக்கிறார். சோமாலியாவில் பிறந்து அகதி முகாமில் வளர்ந்த பெண். சபைக்குள் தலையில் எதுவும் அணியக்கூடாது என்று 181 வருடமாக இருந்த விதியை, மத வழக்கப்படி அணிகிறவர்களுக்காகத் தளர்த்தினார்கள். டிரைவருக்கு அதில் பெருமைதான், ஆனால் அதைவிட அவர் அதிகம் பேசியது பழைய இந்திப் படங்களைப் பற்றி. எனக்கு இந்தி தெரியாது என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. "நீ இந்தியன்தானே?" என்று ரெண்டு தடவை கேட்டார். திரும்பும்போது வழியில் ரிவர்சைடு பிளாசாவைக் காட்டினார். சிமென்ட் அடுக்குமாடிகள், நடுநடுவே சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பலகைகள். 1973-ல் கட்டி முடித்தது. அவர் வந்து இறங்கிய முதல் வீடு அங்கேதான்.

ஜனவரி 29, செவ்வாய்

நேற்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே பேச்சு. வட துருவத்துக் குளிர்காற்று வளையம் உடைந்து ஒரு பகுதி தெற்கே இறங்குகிறது, புதன்கிழமை உச்சம். பள்ளிகளுக்கு லீவு விட்டாகிவிட்டது. மினசோட்டாவில் நாளைக்குத் தபால் பட்டுவாடா இல்லை என்று தபால் துறை அறிவித்திருக்கிறது. பனியானாலும் மழையானாலும் தபால் வரும் என்று பெருமை பேசுகிற நாட்டில் அது சாதாரண அறிவிப்பு இல்லை.

ஆபீஸில் மேனேஜர் ஒரு மெயில் போட்டார். வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள், காரில் போனால் போர்வை, டார்ச், திங்க ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் டேங்க் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம். கடைசி வரி: சமையலறைக் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து விட்டுத் தூங்குங்கள். ஓடும் தண்ணீர் சுலபத்தில் உறையாது. உள்ளே உறைந்தால் பைப் வெடிக்கும். சிங்க்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவையும் திறந்து வைத்தால் அறைச் சூடு பைப்புக்குப் போகும். தண்ணீர்க் குழாய் சொட்டினால் அம்மா திட்டுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். ராத்திரி முழுக்க அந்தச் சொட்டுச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 30, புதன்

காலையில் மைனஸ் 28. ஃபாரன்ஹீட் கணக்கு. நம் கணக்கில் மைனஸ் 33. இந்த இரண்டு அளவுகளும் மைனஸ் 40-ல் ஒன்றாகிவிடும் என்று பள்ளியில் படித்தபோது அது வெறும் சூத்திரம். இன்றைக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. காற்றையும் சேர்த்தால் உடம்புக்குத் தெரிவது மைனஸ் 50-ஐ ஒட்டி இருக்கும் என்றார்கள்.

வெளியே போகாதே என்றால் போய்ப் பார்க்கத்தானே தோன்றும். பத்து மணிக்கு அண்ணாச்சியும் நானும் இறங்கினோம். காரை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டும் என்பது சாக்கு. கதவைத் திறந்து முதல் மூச்சு இழுத்ததுமே மூக்குக்குள் இருக்கும் முடிகள் உறைந்து ஒட்டிக்கொண்டன. விட்டால் இளகும், இழுத்தால் ஒட்டும். மஃப்ளருக்கு மேலே வந்த மூச்சு கண் இமையில் ஐஸாக நின்றது. காலடியில் பனி மெத்தென்று இல்லை, தெர்மோகோலைத் தேய்த்தால் வருமே, அந்தக் கிறீச் சத்தம். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. நல்ல வெயில். அந்த வெயிலுக்குத் துளி சூடு கிடையாது. சூரியனின் ரெண்டு பக்கமும் இரண்டு வெளிச்சப் பொட்டுகள் தெரிந்தன. காற்றில் மிதக்கும் ஐஸ் துகள்களில் ஒளி முறிவதால் வருவது.

காரில் சாவியைத் திருப்பினால் இஞ்சின் அலுப்பாக ஒரு முனகல் முனகி நின்றது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. இந்தக் குளிரில் பேட்டரியின் சக்தி பாதிக்கும் கீழே போய்விடும், ஆயிலோ கெட்டியாகிவிடும். இன்னும் வடக்கே போனால் காருக்குள் இஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் வைத்து ராத்திரி பிளக்கில் சொருகிவிடுவார்களாம். முன்பக்கம் ஒயர் தொங்கும் கார்களை இங்கேயும் பார்த்திருக்கிறேன், எலெக்ட்ரிக் கார் என்றே நினைத்திருந்தேன். கொஞ்ச தூரம் உருட்டியபோது டக் டக்கென்று சதுரச் சக்கரத்தில் போவது மாதிரி ஆட்டம். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்றதால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகவே இறுகிவிட்டது. ஒரு பிளாக் போனதும் சரியாகிவிட்டது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அண்ணாச்சி, "போதும்லே, ஏறு வீட்டுக்கு" என்றார். அவர் லே போட்டால் விஷயம் தீவிரம் என்று அர்த்தம்.

சாயங்காலம் இன்னொரு செய்தி. வீட்டைச் சூடாக்கும் கேஸ் சப்ளைக்கு நெருக்கடி. தெர்மோஸ்டாட்டை 63-க்கு இறக்கி வையுங்கள் என்று மாநிலம் முழுக்க வாடிக்கையாளர்களுக்கு வேண்டுகோள். 63 என்றால் நம் 17. ஊட்டிக் குளிர். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சென்னை டீமின் போன் கால் எடுத்தேன். அவர்கள் பக்கம் ஒருவர், "அண்ணா, இங்க ஏசி ஜாஸ்தி, கம்மி பண்ணச் சொல்லிட்டிருக்கோம்" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை.

ஜனவரி 31, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. எங்களுக்கு வீடு இருந்தது, அதில் குழாய் சொட்டியது, கதை சொல்ல முடிந்தது. போன கோடையிலிருந்து இந்த ஊரில் வீடில்லாத பூர்வகுடி மக்கள் ஹயவாதா அவென்யூ ஓரம் நூற்றுக்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். குளிர்காலம் வருகிறதென்று டிசம்பரில் ரெட் லேக் பழங்குடியினரின் நிலத்தில் தற்காலிகத் தங்குமிடம் கட்டி அவர்களில் பலரை நகரம் அங்கே மாற்றியது. எல்லாருக்கும் இடம் இல்லை. பக்கத்து நகரமான செயின்ட் பாலுக்கும் இந்த ஊருக்கும் இடையே போகும் கிரீன் லைன் ரயில் இந்தக் குளிர்காலத்தில் 24 மணி நேரமும் ஓடுகிறது. ராத்திரியில் அதில் ஏறினால் பெட்டி நிறையத் தூங்குகிறவர்கள். ஒரு முனையில் இறங்கி மறுபடி ஏறி மறு முனைக்கு. விடியும் வரை அப்படியே.

ஸ்கைவே அவர்களுக்கு உதவாது. நாற்காலியில் உட்கார்ந்து கண் அசந்தால் செக்யூரிட்டி வந்து எழுப்பிவிடுவார். தனியார் இடம், சட்டம் அவர்கள் பக்கம். எனக்கு அந்தக் கண்ணாடிப் பாலங்கள் மீது இருந்த வியப்பு இதைப் பார்த்த பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

பிப்ரவரி 3, ஞாயிறு

நான்கே நாளில் உறைநிலைக்கு மேலே ஏறிவிட்டது. பையன்கள் அரை டிராயரோடு நாயைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். சாயங்காலம் சூப்பர் பௌல், அமெரிக்க ஃபுட்பாலின் இறுதி ஆட்டம். நியூ இங்கிலாந்து 13, லாஸ் ஏஞ்சலஸ் 3. எனக்குப் புரிந்தது விளம்பரங்கள் மட்டும்.

பிப்ரவரி 9, சனி

மால் ஆஃப் அமெரிக்கா. ப்ளூ லைன் ரயிலின் கடைசி ஸ்டேஷன். 1992-ல் திறந்தது. உள்ளே ரோலர் கோஸ்டர் எல்லாம் ஓடுகிற அவ்வளவு பெரிய கட்டடத்தின் பொது இடங்களில் ஹீட்டிங் கிடையாது என்றால் நம்ப முடிகிறதா? கண்ணாடிக் கூரை வழியாக வரும் வெயில், விளக்குகள், கூட்டத்தின் உடம்புச் சூடு, இவ்வளவுதான். உள்ளே இதமாகத்தான் இருக்கிறது.

நான் போனது ஜாக்கெட் வாங்க. இந்த மாநிலத்தில் துணிமணிக்கு விற்பனை வரி இல்லை, விலைச்சீட்டில் போட்டது எதுவோ அதுதான். கடைகள் திறக்கப் பத்து மணி ஆகும் என்று தெரியாமல் எட்டரைக்கே போய் நின்றேன். அதனால் கிடைத்தது இந்தக் காட்சி. கடைகள் மூடியிருக்கின்றன, ஆனால் மால் நிறைய ஜனம். எல்லோரும் வேக நடை. பெரும்பாலும் வயதானவர்கள். வெளியே வழுக்கும், விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும், அதனால் குளிர்காலம் முழுக்க வாக்கிங் இங்கேதான். ஒரு தளத்தை முழுசாகச் சுற்றினால் அரை மைலுக்குச் சற்று மேலே.

அந்த வரிசையில் நம் அம்மாக்களும் இருந்தார்கள். சுங்குடிச் சேலை, அதன் மேல் மகனுடைய பழைய ஸ்வெட் ஷர்ட், காலில் வெள்ளை ஷூ. அவர்களில் ஒருவர் மகளுக்குப் பிரசவம் பார்க்க மதுரையிலிருந்து வந்தவர். என் முகத்தைப் பார்த்ததும் நடையை நிறுத்தாமலேயே, "தம்பி தமிழா? எந்த ஊரு?" என்றார். கரூர் என்றேன். "கரூரா! எங்க சின்ன மாமியாருக்குத் தாந்தோணிமலை. வா, நடந்துக்கிட்டே பேசுவோம், நின்னா கால் புடிச்சுக்கும்."

நடந்தோம். மருமகன் சனிக்கிழமை மட்டும் கொண்டுவந்து விடுவாராம். மற்ற நாள் ஜன்னல்தான். "பக்கத்து வீட்டுல ஆரு இருக்காகன்னே தெரியாம மூணு மாசம் ஆச்சு தம்பி. போன வாரம் அந்தக் குளிரு வந்துச்சுல்ல, அன்னைக்கு வெள்ளைக்காரம்மா ஒருத்தி கதவைத் தட்டி, பிள்ளை பெத்தவ இருக்காளே, ஹீட்டர் ஓடுதா, ஏதும் வேணுமான்னு கேட்டுட்டுப் போனா. நான் மெதுவடை குடுத்தேன். மறுநா ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கு போட்டு ஏதோ அவிச்சுக் கொண்டாந்தா. மாட்டுக்கறி கலந்திருந்துச்சு. நாங்க தொடல. ஆனா தட்டைச் சும்மா திருப்பிக் குடுக்க முடியுமா? அதிரசம் வச்சுக் குடுத்தேன்." அது ஹாட்டிஷ். மினசோட்டாக்காரர்களின் ஆஸ்தான பதார்த்தம். யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பக்கத்து வீட்டிலிருந்து அது வந்துவிடும். தட்டு இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டேன். "அவ வீட்டுலதான். பாப்போம், இந்தத் தடவை என்ன வருதுன்னு."

பிப்ரவரி 16, சனி

ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரருக்கு அறுபது நெருங்குகிறது. நார்வேயிலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் காலையில் வானிலை, மாலையில் வானிலை, அவ்வளவுதான் பேச்சு. போன வாரம் திடீரென்று, சனிக்கிழமை மீன் பிடிக்கப் போகிறேன், வருகிறாயா என்றார். லேக் மினெடோங்கா. ஏரி பாறையாக உறைந்திருக்கிறது. பிக்கப் டிரக்கை அப்படியே ஏரிக்குள் விட்டார்.

விடுவதற்கு முன்னால், "சீட் பெல்ட்டைக் கழற்று, ஜன்னலை இறக்கு" என்றார். ஏன் என்று கேட்டேன். "உள்ளே போனால் வெளியே வர வேண்டாமா?" அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மாநில இயற்கை வளத் துறையின் இந்த வருஷக் கணக்கைச் சொன்னார். நடக்க 4 அங்குல ஐஸ் போதும். காருக்கு 8 முதல் 12. இந்த மாதிரி டிரக்குக்கு 12 முதல் 15. இன்றைக்கு அதைவிடக் கூடவே இருக்கிறது. ஆனால் அவர்களே, எந்த ஐஸையும் நூறு சதவீதம் நம்பாதே என்றும் எழுதியிருக்கிறார்கள். அவரும் நம்பவில்லை, பெல்ட்டைக் கழற்றினார். எனக்குப் பிடித்தது அதுதான்.

ஏரி நடுவில் ஒரு கிராமமே இருந்தது. சக்கரம் வைத்த சின்னச் சின்ன வீடுகள், புகைபோக்கி, சில வீடுகளுக்கு டிவி ஆன்டெனா. ஒவ்வொரு வீட்டின் வெளிப்புறத்திலும் சொந்தக்காரரின் பெயரோ லைசென்ஸ் எண்ணோ எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். அவருடைய வீட்டுக்குள் தரை விரிப்பு, கேஸ் ஹீட்டர், பழைய சோபா, ரேடியோ. தரையில் நான்கு வட்டத் துளை. மூடியைத் தூக்கிவிட்டு, ஆகர் என்கிற பெரிய திருகாணியை வைத்துத் துளை போட்டார். மோட்டார் வைத்தது, அரை நிமிஷம்கூட ஆகவில்லை. குபுக்கென்று தண்ணீர் மேலே வந்து நின்றது. மேலே மிதந்த ஐஸ் நொறுங்கலை அரித்து எடுக்க ஒரு கரண்டி. பூந்தி எடுக்கும் நம் ஜல்லிக்கரண்டியேதான், கைப்பிடி மட்டும் நீளம்.

முழங்கை நீளம்கூட இல்லாத தூண்டில், முனையில் ஒரு சின்னப் புழு. விட்டுவிட்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து ஒரு சத்தம், தூரத்தில் வெடி வைத்த மாதிரி நீளமாக உருண்டு போயிற்று. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஐஸ் விரிகிறது, நல்லதுதான், உட்கார் என்றார். ஆபீஸில் மாதக்கணக்கில் பேசாத மனிதர் அந்தத் துளையைப் பார்த்தபடியே நிறையப் பேசினார். அப்பா இறந்தது, மகள் டெக்சஸுக்குப் போய்விட்டது, குளிரே இல்லாத ஊரில் பேரனுக்கு எப்படி ஐஸில் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது என்கிற கவலை. முகத்தைப் பார்த்துப் பேச அவருக்கு வராது போலிருக்கிறது. துளை இருந்தால் வருகிறது.

உள்ளங்கை அளவில் சன்ஃபிஷ் ஏழெட்டு அவர் பிடித்தார். என்னிடம் லைசென்ஸ் இல்லாததால் நான் வேடிக்கை. மார்ச் முதல் திங்கட்கிழமைக்குப் பிறகு தெற்குப் பகுதி ஏரிகளில் நள்ளிரவுக்கு மேல் ஆளில்லாத வீடு ஒன்றும் நிற்கக்கூடாது என்று விதி. இந்த வருஷம் பனியின் பாரத்தில் ஐஸ் அமுங்கித் தண்ணீர் மேலே ஏறிச் சகதியாகிவிட்டது, வீடுகளின் அடி அதில் உறைந்து ஒட்டிக்கொண்டால் கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க வேண்டும் என்றார். மீனைச் சுத்தம் செய்து பையில் போட்டு எனக்கே கொடுத்துவிட்டார். அண்ணாச்சி மிளகாய்த்தூள் தடவி வறுத்தார். "முள்ளு ஜாஸ்தி, ருசி பரவால்ல" என்பது தீர்ப்பு.

பிப்ரவரி 21, வியாழன்

நேற்றுக் காலையில் பிடித்த பனி நாள் முழுக்கக் கொட்டியது. நகராட்சி ஸ்னோ எமர்ஜென்சி அறிவித்துவிட்டது. அறிவித்தால் கார் வைத்திருக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் மூன்று நாள் பரீட்சை. முதல் நாள் இரவு 9 முதல் காலை 8 வரை முக்கியச் சாலைகளில் எந்தப் பக்கமும் கார் நிற்கக்கூடாது. இரண்டாம் நாள் காலை 8 முதல் இரவு 8 வரை மற்றத் தெருக்களில் இரட்டைப்படை எண் வீடுகள் இருக்கும் பக்கம் கூடாது. மூன்றாம் நாள் ஒற்றைப்படைப் பக்கம் கூடாது. பனி வாரும் வண்டி ஒரு பக்கம் முழுக்கச் சுரண்டிக்கொண்டு போக இடம் வேண்டுமே. நின்றால் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அபராதமும் இழுவைக் கூலியும் தனித்தனி.

எங்கள் கார் இரட்டைப்படைப் பக்கம். இன்று காலை ஏழு மணிக்கு எடுக்கப் போனால் காரே தெரியவில்லை. தெரு முழுக்க ஒரே மாதிரி வெள்ளை மேடுகள். ஆண்டெனாவை வைத்து எங்களுடையதைக் கண்டுபிடித்தோம். போதாக்குறைக்கு நடுத்தெருவில் ஏதோ வண்டி ஓடித் தள்ளிய பனி சக்கரங்களை மூடி இறுகியிருந்தது. அரை மணி மண்வெட்டி போட்டோம். ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கிறது.

அப்போதுதான் எதிர் வீட்டிலிருந்து ஒரு பாட்டி வந்தார். பைஜாமா, அதன் மேல் பெரிய கோட், கையில் ஒரு பை. பூனை கழிக்கப் போடும் மண். ஒன்றும் பேசாமல் முன்சக்கரம் ரெண்டுக்கும் அடியில் அள்ளித் தூவினார். "மிதிக்காதே. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், தொட்டில் ஆட்டுவது போல ஆட்டு" என்று கையாலேயே காட்டினார். பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் இருவர் முதுகுப்பையைப் பனியில் எறிந்துவிட்டுப் பின்னால் கை வைத்தார்கள். ரெண்டு ஆட்டு, மூன்றாவதில் கார் எகிறி வெளியே வந்தது. பையன்கள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் நன்றி சொல்வதற்குள் பாட்டி அடுத்த காருக்குப் போய்விட்டார்.

அமெரிக்காவில் பக்கத்து வீட்டுக்காரன் செத்தாலும் தெரியாது என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள். சாதாரண நாளில் அது முக்கால்வாசி உண்மைதான். பனி விழுந்த காலையில் அப்படி இல்லை. நடைபாதையில் விழுந்த பனியை, கொட்டி நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரரே அள்ள வேண்டும் என்று நகராட்சி விதி இருக்கிறது. அடுத்த வீட்டு வாசலையும் சேர்த்து அள்ள விதி கிடையாது, அள்ளுகிறார்கள். தெருவில் எண்பது வயதுக்காரர் ஒருவரின் வாசல் விடியும் முன்பே சுத்தமாக இருந்தது. யார் செய்தது என்று அவருக்கே தெரியாது.

மார்ச் 11, திங்கள்

பிப்ரவரியில் விழுந்த பனி மொத்தம் 39 அங்குலம். இந்த நகரத்தில் பதிவான பிப்ரவரிகளிலேயே இதுதான் அதிகம். இப்போது உருகத் தொடங்கியிருக்கிறது, நடைபாதை முழுக்கச் சேறு. மூன்று மாதமாக பனிக்கடியில் புதைந்திருந்த ஒற்றைக் கையுறைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

அதைவிடப் பெரிய விஷயம், நேற்று ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை 3-க்குத் தள்ளிவிட்டார்கள். கோடைக்காலக் கணக்கு. எங்கள் தினசரிக் கால் இங்கே இரவு எட்டரை, சென்னையில் காலை எட்டு. இனிமேல் இங்கே எட்டரை என்றால் அங்கே ஏழு.

சென்னை டீம் லீடு மேடவாக்கத்திலிருந்து பேசுகிறவர். "ஏழு மணிக்கு முடியாதுண்ணா. ஏழே முக்காலுக்குப் பாப்பாவுக்கு ஸ்கூல் வேன். நீங்கதான் ஒரு மணி நேரம் தள்ளி வாங்க" என்றார். எனக்கு ஒன்பதரை என்றால் பரவாயில்லை. ஆனால் திங்கட்கிழமை கால் மட்டும் கிளையண்ட் பக்கம் அந்த மீன் பிடிக்கிற மனிதரும் வருவார். அவர் ஐந்தரைக்கு ராத்திரிச் சாப்பாட்டை முடித்து ஒன்பதுக்குப் படுக்கிற ஆள். மதியம் போய்க் கேட்டேன். "ஒன்பதரையா? அது நடு ராத்திரி" என்றார்.

கடைசியில் இப்படித் தீர்ந்தது. செவ்வாய் முதல் வெள்ளி வரை எனக்கு ஒன்பதரை, சென்னைக்குக் காலை எட்டு. திங்கட்கிழமை மட்டும் இங்கே காலை ஏழரை, அங்கே மாலை ஆறு. அவர் காலை ஐந்துக்கே எழுந்துவிடுகிறார், அவருக்கு ஏழரை என்பது பாதி நாள். டீம் லீடுக்கும் சரி, வேன் திரும்பி வந்துவிடும்.

"நவம்பர்ல மறுபடி மாத்துவாங்களாண்ணா?"

"ஆமா, மூணாம் தேதி."

"நீங்க அப்ப அங்க இருப்பீங்களா?"

"விசா எக்ஸ்டென்ஷன் வந்தா இருப்பேன்."

"அப்ப இந்த இன்வைட்டை நவம்பர் ரெண்டு வரைக்கும் போட்டுடறேன்" என்று போட்டுவிட்டார்.